ஆஸ்கார் இருக்கும் 6×2×2 தொட்டியில் வேறு எந்த மீன் சேரும்?

நீலத்தொட்டி:

வணக்கம். தொட்டி 6×2×2 அடி, கீழே சம்ப் (வடிகட்டும் கீழ்த்தொட்டி) ஓடுகிறது. உள்ளே இப்போது இரண்டே மீன்: டைகர் ஆஸ்கார் ஒன்று, 20 செ.மீ.; செனகல் பிச்சிர் ஒன்று, 16 செ.மீ. ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. வெப்பம் 27 டிகிரி, பிஹெச் 7.2, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன். மாற்றுவதற்குச் சற்று முன் பார்த்தால் நைட்ரேட் 30 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.) காட்டும். குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் இல்லை.

தொட்டி வெறிச்சென்று இருக்கிறது. மனதில் இருப்பவை: சில்வர் அரோவானா ஒன்று (கிடைப்பது 15 செ.மீ.), சில்வர் டாலர் ஆறு (5 செ.மீ.), ரெட்டெயில் கேட்ஃபிஷ் ஒன்று (8 செ.மீ.), கண்ணாடிப் பாசிக்காகச் சாதாரண பிளெக்கோ ஒன்று. எல்லாமே பெரிய மீன்களோடு சேரும் என்றுதான் சொல்லி விற்கிறார்கள். எது சேரும், எது சேராது? உயிர் மீனை இரையாகப் போடுவதை நிறுத்த வேண்டுமா?

செதிலன்:

நான்கில் ஒன்று சேரும், ஒன்று நிபந்தனையோடு, மற்ற இரண்டும் இந்தத் தொட்டிக்கு வேண்டாம்.

முதலில் வாயைப் பாருங்கள். ஆஸ்கார் கடித்துத் துண்டாக்கித் தின்னும் மீனில்லை. வாயைச் சட்டென்று திறக்கும்போது உள்ளே உண்டாகும் இழுப்பில் தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி முழுசாக விழுங்கும். அதனால் எதிரே இருக்கும் மீனின் நீளம் அவ்வளவு முக்கியமில்லை. முதுகிலிருந்து வயிறு வரையான உயரமும் தடிமனும்தான் கணக்கு. 8 செ.மீ. நீளமுள்ள ஒல்லி மீன் உங்கள் ஆஸ்காரின் வாயில் தலை முதலில் போய்விடும், வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரியும். அதே நீளமுள்ள சில்வர் டாலர் தட்டு மாதிரி இருப்பதால் குறுக்கே நின்றுவிடும்.

அளப்பது எளிது. தொட்டியின் முன்கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒரு அளவு நாடாவை ஒட்டுங்கள். பெல்லட்டுக்காகவோ (உருண்டைத் தீவனம்) கொட்டாவிக்காகவோ ஆஸ்கார் கண்ணாடியை ஒட்டி வந்து வாய் திறக்கும்போது வீடியோ எடுத்து, மிக அகலமாகத் திறந்த நொடியை நிறுத்திப் படியுங்கள். மீன் கண்ணாடியைத் தொடும் தூரத்தில் இருந்தால்தான் அளவு சரியாக வரும். தள்ளி நின்றால் சிறிதாகத் தெரிந்து உங்களை ஏமாற்றும். வரும் அளவை ஒன்றரையால் பெருக்குங்கள். துடுப்புகளைச் சேர்க்காமல் புதிய மீனின் உடல் உயரம் அதற்குக் குறையக்கூடாது. உங்கள் ஆஸ்கார் இன்னும் வளரும், 30 செ.மீ. தாண்டும் என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய வாயை அளந்து அடுத்த ஆண்டுக்கான மீனை வாங்கக்கூடாது.

ரெட்டெயில் கேட்ஃபிஷ்: வேண்டாம். 8 செ.மீ. குட்டியை நாளை விட்டால் முதலில் ஆஸ்கார்தான் அதை விழுங்கப் பார்க்கும். தப்பினால் கணக்கு தலைகீழாகும். ஒரு மீட்டரைத் தாண்டும் இனம் அது. வாய் தலை அகலத்துக்குத் திறக்கும், தன் உடம்பில் பாதிக்கு மேல் நீளமுள்ள மீனையும் முழுசாக உள்ளே தள்ளப் பார்க்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் வளர்ச்சி வேகம் மிக அதிகம். உங்கள் தொட்டியின் அகலம் 61 செ.மீ., அந்த மீன் அதற்குள் திரும்பக்கூட முடியாத நாள் சீக்கிரம் வரும். கூழாங்கல், ஸ்பாஞ்ச், உறிஞ்சு கிண்ணம் என்று கிடைத்ததையெல்லாம் விழுங்கும் பழக்கம் வேறு. வீட்டுத் தொட்டியில் வைக்கும் மீனே இல்லை என்பது என் கருத்து.

சில்வர் அரோவானா: இதில் ஆபத்து இரண்டு முனையிலும் இருக்கிறது. 15 செ.மீ. அரோவானா ஒரு நாடா, உயரமே கிடையாது. 20 செ.மீ. ஆஸ்கார் அதை முழுதாக விழுங்காவிட்டாலும் நடு உடம்பைக் கவ்விப் பார்க்கும். மீசை போகும், செதில் போகும், பயந்து மூடியில் முட்டும். ஓராண்டு போனால் அதே மீன் 40 செ.மீ. தாண்டி நிற்கும், கடைசியில் 90 செ.மீ. வரை போகும். அப்போது 61 செ.மீ. அகலத் தொட்டியில் திரும்ப உடம்பை இரண்டாக மடக்க வேண்டும். அரோவானாவுக்கு நீளத்தைவிட அகலம் முக்கியம். 90 செ.மீ. அகலம் இல்லாமல் யோசிக்க வேண்டாம்.

சில்வர் டாலர்: நல்ல தேர்வு, 5 செ.மீ. அளவில் மட்டும் வாங்காதீர்கள். உடல் உயரம் இப்போது போதாது. தனித் தொட்டியில் 9–10 செ.மீ. வரை வளர்த்து விடுங்கள், அல்லது அந்த அளவிலேயே தேடுங்கள். ஆறுக்குக் குறையாமல் வேண்டும். இரண்டு மூன்றாக விட்டால் தங்களுக்குள்ளேயே ஒன்றை ஒதுக்கித் துரத்தும், எப்போதும் பயந்த நிலையில் இருக்கும். பயந்து ஓடும் மீனைத்தான் ஆஸ்கார் துரத்தும். தொட்டியில் செடி இருந்தால் மறந்துவிடுங்கள், தண்டு மட்டும்தான் மிஞ்சும்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். குட்டிப் பருவத்தில் பாக்கு மீனும் சில்வர் டாலரும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், கலந்து விற்கப்படுவதும் உண்டு. தொண்டையும் வயிறும் சிவந்து, உடம்பில் கரும்புள்ளிகளோடு இருந்தால் அது பாக்குவாக இருக்கலாம். சில்வர் டாலர் 15 செ.மீ. அளவில் நிற்கும், சிவப்பு வயிற்று பாக்கு 60 செ.மீ. தாண்டும்.

பிளெக்கோ பற்றி அடிமண் வந்து சொல்வார்.

அடிமண்:

வந்துட்டேன். பிளெக்கோ விஷயத்துல ரெண்டு தனித்தனி ஆபத்து இருக்கு. எல்லாரும் ஒண்ணைத்தான் சொல்வாங்க.

முதல் ஆபத்து முள். பிளெக்கோ, கோரி, சின்னக் கெளுத்தி எல்லாத்துக்கும் முதுகுத் துடுப்புலயும் பக்கத் துடுப்புலயும் முன்முள் உண்டு. பயந்தா அந்த முள்ளை விறைப்பா நிறுத்தி எலும்பு மூட்டுல பூட்டிக்கும். ஆஸ்கார் ஒரு 6 செ.மீ. பிளெக்கோவை உறிஞ்சினா, பாதி உள்ளே போனதும் முள் விரியும். அப்புறம் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. ரெண்டு மீனும் போகும். அதனால வேட்டை மீன் தொட்டியில "சின்னதா ஒரு பாசித் தின்னி" அப்படிங்கிற யோசனையே தப்பு. பிரிஸில்நோஸ்னு ஒரு சின்ன பிளெக்கோ வகை, முழு வளர்ச்சியில 12 செ.மீ.தான் வரும். அது சரியா சிக்குற அளவு.

அப்படிச் சிக்கிட்டா வாலைப் பிடிச்சு இழுக்காதீங்க. முள் பின்பக்கமா சாய்ஞ்சு மடங்குற மாதிரி அமைஞ்சது, வெளியே இழுக்க இழுக்கக் கன்னத்துல இன்னும் குத்தும். செய்ய வேண்டியது: தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில எடுத்து ஏர்ஸ்டோன் (காத்துக் குமிழ் விடுற கல்) போடுங்க. ஒரு சின்ன பாட்டில்ல வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கிராம்பு எண்ணெயைச் சொட்டு விட்டு வெள்ளையா கலங்குற வரை குலுக்குங்க. அளவு வாளித் தண்ணீருக்கு லிட்டருக்கு ஒரு சொட்டுக்கு மேல போகக்கூடாது. முதல்ல பாதியை ஊற்றி, சில நிமிஷம் பார்த்துட்டு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. ஆஸ்கார் சாய்ஞ்சு, தொட்டா திமிறாம, ஆனா செவுள் மட்டும் ஒழுங்கா அசையுற நிலை வரணும். அப்போ நெயில் கட்டரோ பக்கவெட்டு பிளையரோ வெச்சு வெளியே தெரியுற முள்ளை அடியோட நறுக்கிட்டு மெதுவா எடுக்கலாம். செவுள் அசைவு நின்னா உடனே சுத்தமான தண்ணீருக்கு மாற்றி, ஏர்ஸ்டோன் குமிழ் பக்கத்துல வாயைக் காட்டிப் பிடிங்க.

ரெண்டாவது ஆபத்து நேர் எதிர்: பெரிய பிளெக்கோ மத்த மீனைத் தின்னுறது. சாதாரண பிளெக்கோ 40 செ.மீ. வரை வளரும். பாசி எல்லாம் குட்டியா இருக்குறப்போதான் ஒழுங்கா சுரண்டும். பெரிசானதும் பெல்லட்டுக்குத்தான் வரும். ராத்திரி பசிச்சா, அசையாம படுத்திருக்குற மீன் மேல ஒட்டி அதோட உடல் வழவழப்பைச் சுரண்டித் தின்னும். ருசி கண்டுட்டா விடாது. ஆஸ்கார் தரையில சாய்ஞ்சு படுக்குற மீன், பிச்சிர் எப்பவுமே தரையில கிடக்குற மீன். ரெண்டுமே மாட்டும். பக்கவாட்டுல வட்ட வட்டமா வெளுத்த தழும்பு தெரிஞ்சா காரணம் நோய் இல்ல, பிளெக்கோதான். சைனீஸ் ஆல்கே ஈட்டரும் இதே கதை, அது இன்னும் மோசம்.

வேணும்னா 18–20 செ.மீ.க்கு மேல இருக்குறதா, ஒண்ணே ஒண்ணு, உள்ளே டிரிஃப்ட்வுட் துண்டும் தினம் ராத்திரி சுரைக்காயோ வெள்ளரித் துண்டோ போட்டு வெக்கலாம். ஆனா பாசிக்காக மட்டும்னா மேக்னட் ஸ்கிராப்பர் போதும். பிளெக்கோ சுரண்டுற பாசியைவிட அது போடுற கழிவு ரெண்டு மடங்கு தெரியும்.

பிச்சிர் பத்தி யாரும் கேக்கலை, அதுதான் என் கவலை. நீங்க அதைச் சாதுவா நினைக்கிறீங்க. செனகல் பிச்சிருக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. பகல்ல ஓடுற மீனைப் பிடிக்காது. ராத்திரி தரையில தூங்குற மீனைத் தடவித் தடவிக் கண்டுபிடிச்சு விழுங்கும். அதனால லோச், சின்னக் கெளுத்தி, டெட்ரா மாதிரி எதுவும் அதோட தங்காது. அதே சமயம் அது தின்னுறதுல ரொம்ப நிதானம். வேகமா தின்னுற சில்வர் டாலர் ஆறு வந்தா பிச்சிருக்கு ஒரு துணுக்கும் மிஞ்சாது. விளக்கை அணைச்சு அரை மணி கழிச்சு, அது வழக்கமா படுக்குற இடத்துலயே மூழ்குற பெல்லட்டோ இறால் துண்டோ போடுங்க. வாரம் நாலு தடவை போதும்.

கரைவலை:

அரோவானா விஷயத்தில் செதிலன் அண்ணாவோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். 15 செ.மீ.யில் விடுவது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 30 செ.மீ. அளவில் வாங்கினால் ஆஸ்காரின் வாய்க்கு அகப்படாது. மேல்மட்டத்தில் நீந்தும் மீன், ஆஸ்கார் நடுமட்டம், பிச்சிர் தரை. மூன்றுக்கும் மோதலுக்கு இடமே இல்லை. 6×2×2 தொட்டியில் ஒரு ஒன்றரை ஆண்டு தாராளமாக ஓடும். அதற்குள் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

செதிலன்:

மட்டம் பிரிந்திருக்கிறது என்பது சரி. அது பகல் நேரத்துக் கணக்கு, அதுவும் சாப்பாடு இல்லாத நேரத்துக் கணக்கு. மிதக்கும் பெல்லட் விழுந்ததும் ஆஸ்காரும் மேலேதான் வரும். இரண்டும் ஒரே பெல்லட்டுக்குப் பாயும்போது அரோவானாவின் தாடையோ மீசையோ ஆஸ்காரின் வாயில் மாட்டும்.

"பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 60 செ.மீ. அரோவானாவைப் பிடிப்பது மற்ற மீனைப் பிடிப்பது போல் இல்லை. வலையில் மாட்டினால் துள்ளித் தன் செதிலையே உரித்துக்கொள்ளும், தண்ணீருக்கு மேல் உடம்பைத் தூக்கினால் தன் எடையிலேயே அடிபடும். பெரிய பாலிதீன் உறைக்குள் தண்ணீரோடு வாரி, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். பெரிய தொட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் வாங்குங்கள். மனதில் மட்டும் இருந்தால் வேண்டாம்.

நீலத்தொட்டி:

எல்லோருக்கும் நன்றி. ரெட்டெயில், அரோவானா, பிளெக்கோ மூன்றையும் எடுத்துவிட்டேன். சில்வர் டாலர் ஆறு உறுதி. இன்னும் ஒரே ஒரு பெரிய மீன் வைக்க ஆசை. செவெரம், ஜாக் டெம்ப்ஸி, பேரட், ஃபிளவர்ஹார்ன், இன்னொரு ஆஸ்கார், பாலா ஷார்க் இவற்றில் எது? சேர்க்கும் முறையையும் யாராவது படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கண்ணாடிச்சுவர்:

வாய்க்குள் போகுமா என்ற கேள்வி முடிந்தது. இப்போது கேள்வி வேறு: அது ஆஸ்காரின் கண்ணுக்குப் போட்டியாளாகத் தெரியுமா? ஆஸ்கார் சிக்லிட் குடும்பத்து மீன். சிக்லிட் இனங்கள் பசியால் சண்டையிடுவதைவிட இடத்துக்காகச் சண்டையிடுவதே அதிகம். உடல் வடிவம், அளவு, நடமாடும் மட்டம் மூன்றும் ஒத்துப்போகும் மீனைத்தான் எதிரியாக எடுத்துக்கொள்ளும்.

ஃபிளவர்ஹார்ன் தனி மீன். அதோடு எதையும் வைப்பதைப் பற்றிப் பேசுவதே நேர விரயம். பேரட் மீனுக்கு வாய் அமைப்பே சரியில்லை, முழுதாக மூடாது, கடிக்க முடியாது. சண்டை வந்தால் அடி வாங்கத்தான் தெரியும், சாப்பாட்டுப் போட்டியிலும் பின்தங்கும். இன்னொரு ஆஸ்கார் என்றால், இரண்டையும் குட்டியிலிருந்து ஒன்றாக வளர்த்தால் ஒரு மாதிரி. ஏற்கெனவே இடத்தைப் பிடித்துக்கொண்ட 20 செ.மீ. மீனோடு புதிதாகச் சேர்த்தால் இன்னொரு மாதிரி. இரண்டும் ஜோடியாகாவிட்டால் ஒன்று மூலையில் ஒதுங்கும். ஜோடியானால் முட்டைக் காலத்தில் மற்ற எல்லாம் மூலையில் ஒதுங்கும். பாலா ஷார்க் 30 செ.மீ. தாண்டும், ஐந்தாறாக வைக்க வேண்டும், திடுக்கிட்டால் கண்ணாடியில் மோதும். சில்வர் டாலர் கூட்டம் ஒன்று வரப்போகும்போது இன்னொரு கூட்ட மீனுக்கு இடமில்லை.

மிச்சம் செவெரமும் ஜாக் டெம்ப்ஸியும். டெம்ப்ஸி 20 செ.மீ. அளவில் நிற்கும், ஆனால் குணம் மீனுக்கு மீன் மாறும். சில சாதுவாக இருக்கும், சில இரவில் ஆஸ்காரின் துடுப்பைக் கிழிக்கும். செவெரம்தான் என் தேர்வு. 20 செ.மீ.க்கு மேல் வளரும், உடல் உயரமானது, ஆஸ்காரைப் போலவே தென் அமெரிக்க நதி மீன் என்பதால் உங்கள் 27 டிகிரியும் 7.2 பிஹெச்சும் அப்படியே பொருந்தும். வாங்கும்போது 12 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். சாக்லேட் சிக்லிட் கிடைத்தால் அதையும் யோசிக்கலாம், அதைவிடச் சாந்தமான பெரிய சிக்லிட் குறைவு. தண்ணீர்ப் பொருத்தம் ஏன் சொல்கிறேன் என்றால், ஆப்பிரிக்க ஏரி சிக்லிட்களை ஆஸ்காரோடு வைத்திருக்கும் படங்களை அடிக்கடி பார்க்கிறோம். அவற்றுக்குக் கடின நீரும் 8ஐ ஒட்டிய பிஹெச்சும் வேண்டும். சண்டை இல்லாவிட்டாலும் இரண்டில் ஒன்று எப்போதும் தவறான தண்ணீரில் இருக்கும்.

இனி சேர்க்கும் முறை.

புதிய மீன்கள் நான்கு வாரம் தனித் தொட்டியில் இருக்கட்டும். ஆறு சில்வர் டாலருக்கு 150 லிட்டர், ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. சம்ப்பில் இப்போதே ஒரு ஸ்பாஞ்சைப் போட்டு வைத்தால் அது மூன்று நான்கு வாரத்தில் பாக்டீரியா பிடித்துத் தயாராகிவிடும். செவுள் புழுவுக்கு பிராசிகுவான்டெல் லிட்டருக்கு 2.5 மி.கி., ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி ஒரு தடவை. முட்டையிடும் புழுக்களின் முட்டையை மருந்து கொல்லாது, குஞ்சு பொரிந்து வந்ததை இரண்டாம் தடவை பிடிக்க வேண்டும். இந்த நான்கு வாரத்தில் பெல்லட் தின்னப் பழக்கிவிடுங்கள்.

அவை 9–10 செ.மீ. அளவை எட்டிய பிறகு, சேர்க்கும் நாளில் ஆஸ்காரைப் பிடித்துத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பெரிய தொட்டியில் கட்டை, கல் எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லைக் கோடு ஆஸ்காரின் மனதில் இருந்து அழிய வேண்டும். சில்வர் டாலரும் செவெரமும் அன்றே பெரிய தொட்டிக்குப் போகட்டும். மூன்று நாள் அவை இடம் பழகியதும் ஆஸ்கார் கடைசியாக உள்ளே வர வேண்டும். வரும் முன் வயிறு நிறையச் சாப்பாடு, வந்ததும் விளக்கு அணைப்பு, மறுநாள் காலை வரை இருட்டு. முரட்டு மீன் கடைசியில் என்பதை மட்டும் எக்காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

ஆஸ்காரைப் பிடிக்க வசதி இல்லையென்றால் எக்கிரேட் (கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டி) தடுப்பு. தொட்டியின் உட்பக்க அகலத்துக்கு இரண்டு மி.மீ. குறைவாக வெட்டி, உறிஞ்சு கிண்ணங்களால் நான்கு இடத்தில் பிடிப்பு கொடுத்து, அடிப்பகுதியைக் கல்லால் அண்டைகட்டுங்கள். ஆஸ்கார் அதை முட்டிச் சாய்க்கும், லேசாக நிறுத்தினால் போதாது. ஏழு முதல் பத்து நாள் வைத்திருங்கள். தடுப்பின் மேல் வந்து முட்டுவது நின்ற பிறகு எடுங்கள்.

எடுத்த பிறகு பார்க்க வேண்டியவை. முதல் இரண்டு நாள் செவுள் மூடியை விரித்துக் காட்டுவது, வாலால் தண்ணீரை அடிப்பது, ஒன்றிரண்டு தடவை தாடையைப் பூட்டிக்கொண்டு தள்ளுவது இயல்பு, அது படிநிலை முடிவாகும் முறை. துடுப்பு ஓரம் சற்றுக் கிழிந்தால் தானாக வளரும். ஆனால் பக்கவாட்டில் செதில் இழந்து சிவந்த இடம், கண் வெளுப்பு, ஒரு மீன் ஹீட்டர் பின்னால் அல்லது மேல்மூலையில் தலை மேலாக நிற்பது, தொடர்ந்து இரண்டு வேளை சாப்பாட்டுக்கு வராதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பிரித்துவிடுங்கள். மூலையில் நிற்கும் மீனைக் கூச்சம் என்று விட்டுவிடுவார்கள், அது அடைக்கலம் தேடி நிற்கிறது. அதனால் அந்தத் தனித் தொட்டியைக் கலைக்காமல் இன்னும் இரண்டு மாதம் ஓடவிடுங்கள்.

வாளிக்காரர்:

மீன் தேர்வு பேசியாயிற்று, தண்ணீர்க் கணக்கை யாரும் பார்க்கவில்லை.

உங்கள் தொட்டி 183×61×61 செ.மீ., முழுதாக நிரப்பினால் 680 லிட்டர். மேலே விட்ட இடைவெளி, மணல், கட்டை கழித்தால் உள்ளே 600க்குப் பக்கத்தில் இருக்கும். வாரம் 30 சதவீதம் மாற்றுகிறீர்கள், மாற்றுவதற்கு முன் நைட்ரேட் 30 பிபிஎம். இந்த அளவு வாராவாரம் ஒரே இடத்தில் நிற்கிறதென்றால், ஒரு வாரத்தில் சேருவது எவ்வளவோ அவ்வளவையே நீங்கள் வெளியேற்றுகிறீர்கள். 30இல் 30 சதவீதம், அதாவது வாரத்துக்கு 9 பிபிஎம் சேருகிறது. இது இரண்டு மீனுக்கான உற்பத்தி.

ஆறு சில்வர் டாலரும் ஒரு செவெரமும் வந்து, போடும் சாப்பாடு இரட்டிப்பானால் வாரத்துக்கு 18 பிபிஎம் ஆகும். அதே 30 சதவீதம் மாற்றினால் 18ஐ 0.3ஆல் வகுக்க 60 பிபிஎம்மில் போய் நிற்கும். 50 சதவீதமாக்கினால் 36இல் நிற்கும். 50 சதவீதத்தை வாரம் இருமுறை ஆக்கினால் ஒவ்வொரு இடைவெளியிலும் 9தான் சேரும், உச்சம் 18. ஆஸ்காருக்குத் தலையில் குழி விழும் நோய் வர அழுக்குத் தண்ணீரும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 40க்குக் கீழே கட்டாயம், 20க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆகவே உங்களால் வாரம் 300 லிட்டர் மாற்ற முடியுமா என்று முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு மீனை வாங்குங்கள். முடியாதென்றால் செவெரத்தை விட்டுவிடுங்கள், சில்வர் டாலர் மட்டும் போதும். குளோரின் நீக்கியை மாற்றும் தண்ணீருக்கு மட்டும் கணக்கிட்டால் போதும், தண்ணீரை நேரடியாகத் தொட்டிக்குள் குழாயில் விடுவதானால் தொட்டி முழுவதற்கும் கணக்கிட வேண்டும்.

புதிய மீன்கள் வந்த முதல் மூன்று வாரம் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியா பாருங்கள். ஃபில்டர் பாக்டீரியா பழைய இரண்டு மீனுக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும், பெருக நேரம் எடுக்கும். சண்டையால் செத்தது என்று நினைக்கும் மீன்களில் பல இந்த இடைவெளி அம்மோனியாவில் செத்தவை.

உயிர் இரை கேட்டிருந்தீர்கள். நிறுத்துங்கள். இரைக்காக விற்கும் மீன்கள் நெருக்கியடித்து வளர்க்கப்படுபவை, வெள்ளைப்புள்ளியும் புழுவும் அவற்றோடு வரும். தங்கமீனின் உடம்பில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். அதையே தொடர்ந்து தின்னும் மீனுக்கு நாளடைவில் சமநிலை தவறி நீந்துவது, வலிப்பு எல்லாம் வரலாம். மாட்டு இதயம், கோழி போன்றவற்றின் கொழுப்பு இந்த வெப்பநிலையில் மீனின் உடலில் சரியாகச் செரிக்காது, ஈரலில் தங்கும். உயிர் இரை போட்டால் முரடாகும் என்பது அப்படியே உண்மையில்லை. ஆஸ்கார் பிறவியிலேயே வேட்டை மீன்தான். ஆனால் புதிய மீன் வரும்போது "சின்னதாக நீந்துவது சாப்பாடு" என்ற பழக்கம் புதிதாக மனதில் இருக்கக்கூடாது. சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே நிறுத்துங்கள்.

ஆஸ்காருக்கு நாளுக்கு ஒரு வேளை பெல்லட், வாரம் ஒரு நாள் ஓய்வு. சில்வர் டாலருக்குத் தாவர பெல்லட், கீரை, பட்டாணி. ஆஸ்காருக்கான மிதக்கும் பெல்லட்டைத் தொட்டியின் ஒரு முனையில் போட்டுவிட்டு, அது அங்கே இருக்கும்போது மறுமுனையில் கீரையைக் கிளிப்பில் மாட்டுங்கள். பட்டினி போட்ட ஆஸ்கார் பக்கத்தில் உள்ள மீனைக் கடிக்கும், அளவுக்கு மேல் தின்ற ஆஸ்கார் தண்ணீரைக் கெடுக்கும்.

கரைவலை:

வாளிக்காரர் சொன்ன 18 பிபிஎம் கணக்கு வெறும் மதிப்பீடுதான், சாப்பாட்டின் புரத அளவைப் பொறுத்து மாறும். சில்வர் டாலருக்குக் கீரை அதிகம் போடுவதால் நிஜத்தில் கொஞ்சம் குறைவாகவே வரும். ஆனால் முறை சரி. மீன் சேர்த்து ஆறு வாரம் கழித்து இதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

நீலத்தொட்டி:

முடிவு இது: சில்வர் டாலர் ஆறு, முதலில் தனித் தொட்டியில். வாரம் 50 சதவீதம் தண்ணீர் மாற்றம் இந்த வாரமே ஆரம்பம். அவை அளவை எட்டியதும் நைட்ரேட் பார்த்துவிட்டு செவெரம் பற்றி யோசிக்கிறேன், வாங்கினால் அதற்கும் நான்கு வாரத் தனிமை. ஆஸ்கார் கடைசியில் உள்ளே. வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

அடிமண்:

ரெண்டு விஷயம். ஒண்ணு மூடி. சம்ப் குழாய் இறங்குற இடத்துல கண்ணாடி வெட்டி விட்டிருப்பீங்க, அந்த ஓட்டையைச் சுத்திப் பாருங்க. 16 செ.மீ. பிச்சிர் ரெண்டு விரல் நுழையுற சந்துல வெளியே வந்துடும், புதுசா மீன் சேர்த்த வாரத்துலதான் அதிகமா முயற்சி பண்ணும். ஸ்பாஞ்சை வெட்டித் திணிங்க, அதோட ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு வலைக் கம்பி. ஆனா மூடியைத் தண்ணீர் மட்டத்தோட ஒட்டி வெக்காதீங்க. பிச்சிர் மேல வந்து காத்து குடிக்கிற மீன், நாலு விரக்கடை இடைவெளி வேணும்.

ரெண்டு, ஹீட்டர். தொட்டிக்குள்ள கண்ணாடி ஹீட்டர் இருந்தா சம்ப்புக்கு மாத்திடுங்க. சில்வர் டாலர் கூட்டம் ஒரு தடவை மிரண்டு ஓடினா, இல்ல ஆஸ்கார் கோபத்துல கட்டையைத் தள்ளினா, முதல்ல உடையுறது அதுதான்.